மோடமும் உரைத் தொலைபேசியும் பேச மறுத்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

காது கேளாதவர்கள் தட்டச்சு செய்து உரையாடும் தொலைபேசியை அமெரிக்காவில் டிடிஒய் என்பார்கள். டிடிடி என்ற பெயரும் உண்டு. கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மோடம்தான் இருக்கிறதே, அதை வைத்தே டிடிஒய்யோடு பேசிவிடலாம் என்று நினைப்பது இயல்பு. பேசலாம். ஆனால் எல்லா மோடத்தாலும் முடியாது. முடிகிற மோடமும் வாங்கி வந்த நிலையிலேயே பேசாது.

இதற்கான பழைய வழிகாட்டிகள்மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பெரும்பாலானவை 'ரிசீவரைக் காதில் வைத்து என்ன சத்தம் வருகிறது என்று கேளுங்கள்' என்றுதான் தொடங்கும். யாருக்கான கருவி இது என்பதையே மறந்துவிட்டு எழுதியவை. கீழே உள்ள சோதனைகளைக் கண்ணால் பார்த்தே செய்யலாம். பக்கத்தில் காது கேட்பவர் ஒருவர் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தேவைப்படுபவை இரண்டு. முதலாவது, டிடிஒய்யில் இருக்கும் சிறு சிக்னல் விளக்கு. டயல் டோன் என்றால் விடாமல் எரியும். மணி அடித்தால் மெதுவாக விட்டுவிட்டு எரியும். எதிர்முனை பிஸி என்றால் வேகமாகச் சிமிட்டும். மனிதக் குரல் என்றால் ஒழுங்கில்லாமல் துடிக்கும். இரண்டாவது, ஒலியின் அதிர்வெண்ணைக் கோடுகளாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் செயலி ஏதாவது ஒன்று. கைபேசியை ரிசீவர் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1400, 1800 ஹெர்ட்ஸில் கோடுகள் மாறி மாறி வந்தால் அது டிடிஒய்யின் போடோ முறை. 1070, 1270 அல்லது 2025, 2225 என்றால் பெல் 103 என்ற பழைய 300 பாட் கணினி முறை. 2100 ஹெர்ட்ஸில் ஒரே கோடு நீண்டு நின்றால், ஒரு நவீன மோடமோ தொலைநகலோ 'நான் எடுத்துவிட்டேன்' என்று அறிவிக்கிறது.

எந்தக் கோடு தெரிகிறது என்று பார்க்கும்வரை ஒரு அமைப்பையும் தொடாதீர்கள். வீணாகும் நேரத்தில் பெரும்பகுதி, 1400-1800 ஒலியை எழுப்பவே தெரியாத மோடத்துக்குக் கட்டளை மேல் கட்டளையாகக் கொடுப்பதில்தான் போகிறது.

(கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். ஏடி என்று இருந்தால் விசைப்பலகையில் அந்த இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்ட வேண்டும், மற்றவையும் அப்படியே.)

மறுமுனையில் எடுக்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் மோடம் 'நோ கேரியர்' என்று காட்டித் துண்டித்துவிடுகிறது

முதலில் வரும் சிக்கல் இதுதான், அடிக்கடி வருவதும் இதுதான். மோடம் பழுதில்லை, அதன் எதிர்பார்ப்புதான் வேறு. அழைத்த மோடம், எதிர்முனை எடுத்தவுடன் ஒரு பதில் ஒலி வரும் என்று காத்திருக்கும். டிடிஒய்யோ, ஆள் ஒரு எழுத்தைத் தட்டும்வரை மௌனமாக இருக்கும். தட்டும்போது மட்டும் ஒலி எழுப்பி, கடைசி எழுத்துக்குப் பிறகு கால் விநாடி அளவில் அதையும் நிறுத்திவிடும். இணைப்பு இருக்கும்வரை மோடம் விடாமல் எழுப்பும் ஒலியான கேரியர் என்ற ஒன்றே அதனிடம் இல்லை. போகவும் வரவும் ஒரே ஜோடி அதிர்வெண்தான் என்பதால் ஒருவர் முடித்த பிறகே மற்றவர் தொடங்க முடியும். வேகம் விநாடிக்கு 45.45 பிட், ஒவ்வொரு எழுத்துக்கும் ஐந்தே பிட்.

ஏன் இப்படி ஒரு விநோத முறை? 1964இல் ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற இயற்பியலாளர் இதை உருவாக்கினார். அவரும் காது கேளாதவர். பாசடினாவில் இருந்த பல் சீரமைப்பு மருத்துவர் ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ், ஆண்ட்ரூ சாக்ஸ் இருவரும் உடன் நின்றார்கள். கையில் கிடைத்தவை, நிறுவனங்கள் கழித்துப்போட்ட டெலிபிரிண்டர்கள். அவற்றின் வேகமும் ஐந்து பிட் குறியீடும் அப்படியே ஒட்டிக்கொண்டன. அன்று அமெரிக்காவில் வெளியார் கருவியைத் தொலைபேசிக் கம்பியில் நேரடியாக இணைக்க அனுமதி இல்லை. 1968இல் கார்ட்டர்ஃபோன் தீர்ப்பு வந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. அந்தத் தடையால்தான் ரிசீவரை இரண்டு ரப்பர் கிண்ணங்களில் வைத்து, ஒலி வழியாகவே பேசும் கப்ளர் வந்தது. கணினி மோடங்கள் வேறு பாதையில் வளர்ந்தன. பழையது என்று டிடிஒய்யைக் குறை சொல்பவர்கள், தொலைபேசி நிறுவனங்களும் கணினி நிறுவனங்களும் கண்டுகொள்ளாத காலத்தில் காது கேளாதவர்களே கட்டி எழுப்பிய வலையமைப்பு இது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, இனி சோதனை. மோடத்துக்குக் கட்டளை தட்டும் நிரலான முனையத்தைத் திறந்து 'ஏடி+எம்வி18எஸ்=?' என்று கேளுங்கள். எண்கள் அடங்கிய பட்டியல் ஒன்று பதிலாக வந்தால், உரைத் தொலைபேசிகளுக்காக 1994இல் வந்த வி.18 என்ற சர்வதேசத் தரத்தை உங்கள் மோடம் அறியும். அதன் கையேட்டைப் பார்த்து ஐந்து பிட் முறையைத் தேர்ந்தெடுங்கள். 'எர்ரர்' என்று வந்தால் அறியாது. பெரும்பாலும் எர்ரர்தான் வரும்.

அப்படி வந்தால் உங்களுக்கு மூன்று வழிகள். டிடிஒய்யில் ஆஸ்கி என்ற கணினி எழுத்துக் குறியீட்டு முறை இருந்தால், கணினியின் பக்கம் அதை இழுத்து வரலாம். மோடத்துக்குக் குரல் வசதி இருந்தால், அதாவது 'ஏடி+எஃப்கிளாஸ்=8' என்பதற்கு ஓகே என்று பதில் வந்தால், 1400-1800 ஒலிகளை மென்பொருளே செய்து மோடம் வழியாக ஒலிபரப்பலாம். இரண்டும் இல்லையென்றால் போடோவும் ஆஸ்கியும் இரண்டும் தெரிந்த, டிடிஒய்க்கென்றே செய்த மோடம் வேண்டும்; அல்லது கணினியின் ஒலி அட்டை. சாதாரண 56கே மோடத்தை ஏதோ ஒரு ரகசியக் கட்டளையால் போடோ பேச வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டிடிஒய்யை ஆஸ்கிக்கு மாற்றியாகிவிட்டது, இன்னும் இணையவில்லை

ஸ்பெக்ட்ரம் செயலியைப் பாருங்கள். மோடம் எடுத்தவுடன் 2100 கோடும், அதற்குப் பின் திரை முழுக்க இரைச்சலும் தெரிந்தால், அது வேகமான முறைகளை வரிசையாக முயன்றுகொண்டிருக்கிறது. டிடிஒய்யின் ஆஸ்கி என்பது 300 பாட் பெல் 103 மட்டுமே. 'ஏடி+எம்எஸ்=பி103,0' என்று மோடத்தை அங்கேயே கட்டிப்போடுங்கள். இந்தக் கட்டளை தெரியாத பழைய மோடம் என்றால், முனையத்தின் வேகத்தை 300க்கு இறக்கிவிட்டு 'ஏடிபி1' கொடுங்கள். பி0 என்று இருந்தால் அது ஐரோப்பிய வி.21க்குப் போய்விடும், அதன் ஒலிகள் 980, 1180, 1650, 1850 ஹெர்ட்ஸ். வேகம் அதே 300 என்பதால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும், இணைப்பு மட்டும் கிடைக்காது.

பிழை திருத்தமும் தரவுச் சுருக்கமும் அணைந்திருக்க வேண்டும். பல மோடங்களில் 'ஏடி\என்0' முதலாவதையும் 'ஏடி%சி0' இரண்டாவதையும் அணைக்கும். இவற்றை விட்டுவைத்தால் இணைந்தவுடன் மோடம் தன் கைகுலுக்கல் எழுத்துகளை அனுப்பும். டிடிஒய் திரையில் அது குப்பையாக விழும்.

அடுத்தது, யார் அழைத்தவர் என்ற கேள்வி. பெல் 103இல் அழைத்தவர் 1070-1270இலும் எடுத்தவர் 2025-2225இலும் பேச வேண்டும். போடோவில் பேசிக்கொண்டிருந்துவிட்டு நடுவில் 'ஆஸ்கிக்குப் போவோமா' என்று இருவரும் மாறும்போது இந்த ஒழுங்கு குழம்பிவிடும். இரண்டு முனையும் அழைத்தவராகவே நின்றால் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து இருவருமே துண்டித்துவிடுவார்கள். ஒரு பக்கம் 'ஏடிஏ' கொடுத்து எடுத்தவராக வேண்டும். மற்ற பக்கம் எண் இல்லாமல் 'ஏடிஎக்ஸ்1டி'. அந்த எக்ஸ்1ஐ விட்டுவிட்டால், ஏற்கெனவே இணைப்பில் இருக்கும் கம்பியில் டயல் டோனைத் தேடிப் பார்த்துவிட்டு 'நோ டயல்டோன்' என்று மோடம் கைவிரிக்கும்.

மறுமுனையில் இருப்பவர் விளக்கைக் கவனித்து எழுந்து வந்து எடுக்க நேரம் பிடிக்கும். எஸ்7 பதிவேடு எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்வது; 'ஏடிஎஸ்7=90' என்று தாராளமாக வையுங்கள்.

இணைந்தது, சில எழுத்துகள் சரி, சில எழுத்துகள் விநோதக் குறிகள்

ஆஸ்கியில் என்றால் பாரிட்டி, அதாவது பிழை காண ஒவ்வொரு எழுத்தோடும் சேர்க்கும் சோதனைப் பிட். ஒருபுறம் 8 பிட், பாரிட்டி இல்லை. மறுபுறம் 7 பிட், இரட்டைப் பாரிட்டி. முனைய அமைப்பில் 7-ஈ-1க்கு மாற்றிப் பாருங்கள், தீர்ந்துவிடும்.

நீங்கள் தட்டுவது உங்கள் திரையில் தெரியவே இல்லையென்றால் முனையத்தின் லோக்கல் எக்கோவைப் போடுங்கள். ஒவ்வொரு எழுத்தும் இரண்டாக விழுந்தால் அணையுங்கள்.

எழுத்து வர வேண்டிய இடத்தில் எண்கள்

இது போடோவுக்கே உரிய நோய். ஐந்து பிட்டில் 32 குறியீடுகள்தான் அமையும். 26 எழுத்தும் பத்து இலக்கமும் நிறுத்தற்குறிகளும் அதில் அடங்காது. எனவே ஒவ்வொரு குறியீடும் இரண்டு வேலை செய்கிறது. 'இனி எழுத்து' என்று ஒரு ஷிப்ட், 'இனி எண்' என்று இன்னொரு ஷிப்ட். அந்த ஷிப்ட் ஒன்று இரைச்சலில் தொலைந்தால், அடுத்த ஷிப்ட் வரும்வரை எல்லாமே மாறி வரும். தட்டச்சுப் பலகையின் மேல் எழுத்து வரிசை அப்படியே 1 முதல் 0 வரை: கியூவுக்கு 1, டபிள்யூவுக்கு 2, ஈக்கு 3, இப்படியே பீ வரை. ஒய்-ஓ-யூ என்ற மூன்றெழுத்துச் சொல் 697 ஆக வந்திருந்தால் செய்தி கெட்டுப்போகவில்லை, ஷிப்ட்தான் போய்விட்டது. பலகையைப் பார்த்தே திரும்பப் படித்துவிடலாம். நெடுநாள் டிடிஒய் வைத்திருப்பவர்கள் யோசிக்காமலே படிப்பார்கள்.

எப்போதாவது நிகழ்ந்தால் விட்டுவிடுங்கள். அடிக்கடி என்றால், அனுப்பும் மென்பொருள் ஒவ்வொரு முறை பேசத் தொடங்கும்போதும், நீளமாகப் பேசினால் இடையிடையேயும் ஷிப்டைத் திரும்ப அனுப்புகிறதா என்று பாருங்கள். அனுப்ப வேண்டும் என்பதுதான் டிடிஒய்க்கான தரம்.

இதன் தம்பி ஒருவன் உண்டு. தொலைபேசி எண்ணில் முதல் பகுதி சரியாக வருகிறது, இடைவெளிக்குப் பிறகு வருவது எழுத்தாகிவிடுகிறது: 555க்கு அடுத்த 1234, கியூ-டபிள்யூ-ஈ-ஆர் என்று விழுகிறது. உங்கள் மென்பொருள் ஹாம் வானொலிக்காரர்களின் வழக்கப்படி, இடைவெளி கண்டவுடன் எழுத்துக்குத் திரும்பிவிடுகிறது. வானொலியில் அது நல்ல தற்காப்பு. டிடிஒய்யில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அந்தத் தேர்வை அணைத்துவிடுங்கள்.

ஷிப்ட் சரி, ஆனாலும் குறிப்பிட்ட சில எழுத்துகள் மட்டும் தொடர்ந்து தப்பாகின்றன

வேகம் பொருந்தவில்லை. அமெரிக்காவில் 45.45, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் 50. வேறுபாடு பத்தில் ஒரு பங்குதான். ஒவ்வொரு பிட்டிலும் இந்தப் பிசகு கூடிக்கூடி, ஐந்தாவது பிட்டைப் படிக்கும்போது சரியாக விளிம்பில் வந்து நிற்கும். முதல் நான்கு பிட் தப்பாது, ஐந்தாவது மட்டும் தடுமாறும். எந்த எழுத்து எதுவாகிறது என்பதை வைத்தே எந்தப் பக்கம் வேகம் கூடுதல் என்று சொல்லிவிடலாம்.

நீங்கள் 50இல் கேட்க, எதிரில் 45.45இல் அனுப்பினால், ஐந்தாவது பிட் இருக்கும் இடத்தில் நான்காவதின் வால் படிக்கப்படும். 'என்' 'எம்' ஆகும், 'ஆர்' 'ஜி' ஆகும், 'டி' 'பி' ஆகும். 'ஏ', 'ஈ', 'ஓ' மூன்றுக்கும் கடைசி இரண்டு பிட்டும் ஒன்றே என்பதால் அவை பத்திரமாக வரும். மாறாக, நீங்கள் 45.45இல் இருக்க எதிர்முனை 50இல் அனுப்பினால், எழுத்தின் முடிவைக் குறிக்கும் நிறுத்தப் பிட்டையே ஐந்தாவதாக எண்ணிக்கொள்வீர்கள்: 'ஈ' எல்லாம் 'இசட்', 'ஏ' எல்லாம் 'டபிள்யூ'. மென்பொருளில் 'சர்வதேச' அல்லது 'அமெரிக்க' என்று ஒரு தேர்வு இருக்கும், மாற்றிவிட்டால் போதும்.

ஒரு எழுத்துகூடத் தேறாமல் எல்லாம் குப்பை என்றால் சந்தேகம் வேறு இரண்டு இடத்தில். மென்பொருளில் 1400-1800 தலைகீழாக மாறியிருக்கலாம். 1400தான் ஒன்று, 1800தான் பூஜ்யம். எதிரில் இருப்பது அல்ட்ராடெக் கருவி என்றால் டர்போ கோடு என்ற அதன் சொந்த வேக முறையை ஒருமுறை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

ஒவ்வொரு முறையும் முதல் ஓரிரண்டு எழுத்துகள் காணாமல் போகின்றன

டிடிஒய் தான் அனுப்பி முடித்த கையோடு கேட்கத் தொடங்காது. தன் ஒலியின் எதிரொலியைத் தானே படித்துவிடக்கூடாது என்று நொடியின் ஒரு சிறு பகுதி வாயையும் காதையும் மூடி நிற்கும். மனிதர் பதில் தட்ட அதைவிட நேரமாகும் என்பதால் இரண்டு டிடிஒய்க்கு நடுவே இந்தச் சிக்கல் வராது. கணினி காத்திருப்பதில்லை. எதிர்முனை 'ஜிஏ' என்று முறையை ஒப்படைத்த மறுகணமே அது கொட்டத் தொடங்கிவிடும். அனுப்பும் முன் அரை விநாடி தாமதம் வையுங்கள். முதல் எழுத்துக்கு முன்னால் 1400 ஒலியைச் சற்று நீட்டிப் பிடித்தால் எதிர்க்கருவி விழித்துக்கொள்ளவும் நேரம் கிடைக்கும்.

நடு வாக்கியத்தில் இருபுறமும் சிதைகிறதா? இருவரும் ஒரே நேரத்தில் தட்டியிருக்கிறீர்கள். ஜிஏ என்றால் 'நீங்கள் பேசுங்கள்', எஸ்கே என்றால் 'முடிக்கிறேன்'. இவை மரியாதைக்காக மட்டும் இருப்பவை அல்ல, போடோவில் போக்குவரத்தே இவற்றின் மேல்தான் ஓடுகிறது.

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது அங்கங்கே ஒரு எழுத்து கெடுகிறது

கப்ளர் பயன்படுத்துகிறீர்கள் என்றால் முதலில் ரிசீவர் கிண்ணத்தில் முழுதாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். நவீன ரிசீவர்களின் தட்டை வடிவம் அந்த வட்டக் கிண்ணங்களுக்குப் பொருந்தாது. அறையில் தொலைக்காட்சி ஓடுகிறதா என்றும் பாருங்கள். காது கேளாதவர் வீட்டில் அது உரக்க ஓடுவது யாருக்கும் தெரியாமலே போகலாம். நேரடி இணைப்புள்ள கருவி என்றால் இந்தத் தொல்லை இல்லை.

கால் வெயிட்டிங் இன்னொரு குற்றவாளி. அதன் ஒரு சிறு பீப் போடோவில் இரண்டு மூன்று எழுத்துகளை விழுங்கும்; கணினி மோடத்தில் இணைப்பையே அறுக்கும். அமெரிக்காவில் எண்ணுக்கு முன் *70 சேர்த்தால் அந்த அழைப்புக்கு மட்டும் அது அணையும்.

ஆனால் இன்று பெரும்பாலும் காரணம் இணையவழித் தொலைபேசிதான். சுவரில் இருப்பது பழைய செப்புக் கம்பியா, இணையப் பெட்டியின் பின்புறத் துளையா என்று பாருங்கள். போடோவில் ஒரு எழுத்து 165 முதல் 176 மில்லிவிநாடி நீளம். 20 மில்லிவிநாடிப் பொட்டலங்களாகக் குரல் போனால், ஒரு எழுத்து எட்டு ஒன்பது பொட்டலங்களில் பரவியிருக்கும். அதில் எது தொலைந்தாலும் எழுத்து போயிற்று. நூற்றுக்கு ஒரு பொட்டலம் தொலைவதைக் குரலில் யாரும் கவனிக்க மாட்டார்கள். டிடிஒய்யில் நூற்றுக்கு எட்டு எழுத்து கெடும். வங்கி எண்ணைப் படித்துக்காட்டும்போது எட்டு என்பது நிறைய.

சேவை தருபவரிடம் கேட்க வேண்டியவை: ஜி.711 என்ற கோடெக் (குரலை எண்களாக்கும் முறை), மௌனத்தைக் கண்டறிந்து ஒலியை நிறுத்தும் வசதி அணைந்த நிலையில். ஜி.729 போன்ற சுருக்கும் கோடெக்குகள் மனிதக் குரலுக்கென்று அமைந்தவை. இந்த ஒலிகளைச் சிதைத்துவிடும்.

மோடமே இல்லை, ஒலி அட்டையில் முயன்றால் திரையில் எதுவும் வரவில்லை

லினக்ஸில் மினிமோடம் என்ற சிறு நிரல் இந்த வேலையை அழகாகச் செய்யும். அதில் டிடிடி என்று ஒரு முறையே உண்டு, 45.45, 1400, 1800 எல்லாம் அதற்குள் அடக்கம். முதலில் தொலைபேசியைச் சேர்க்காமல் சோதியுங்கள். ஒரு முனையத்தில் அனுப்பச் சொல்லி, இன்னொன்றில் கேட்கச் சொன்னால் ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்கே எழுத்துகள் வந்து சேர வேண்டும். அது நடந்தால் மீதி எல்லாம் ஒலி அளவுதான். அலை உச்சி தட்டையாக வெட்டுப்படும் அளவுக்கு ஏற்றியிருந்தால் இறக்குங்கள். இரைச்சல் நீக்கம், எதிரொலி நீக்கம் போன்ற 'மேம்பாடுகளை' இயங்குதளத்தில் அணைத்துவிடுங்கள். அவற்றின் கணக்கில் சீரான பீப் என்பது நீக்க வேண்டிய இரைச்சல்.

ஒலி அட்டையின் கம்பியைத் தொலைபேசிக் கம்பியோடு நேரே முறுக்கிவிடாதீர்கள். ரிசீவரை எடுக்காதபோது கம்பியில் 48 வோல்ட் அளவில் இருக்கும். மணி அடிக்கும்போது 90 வோல்ட் அளவுக்கு மாறுமின்னோட்டம் பாயும். நடுவில் 600 ஓம் பிரிப்பு மின்மாற்றி வேண்டும். இல்லையென்றால் கப்ளர் போதும்.

அவசர அழைப்பு, கைபேசி

அமெரிக்க அவசர எண்ணான 911க்கு ஆஸ்கியில் முயல வேண்டாம், போடோவே. எடுத்தவுடன் இடைவெளி விசையைச் சில முறை தட்டுங்கள். மௌனமாக இருந்தால், இது டிடிஒய் அழைப்பு என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. நீங்கள் தட்டுவதை எதிர்முனைக்குக் குரலில் படித்துச் சொல்லும் ரிலே சேவைக்கு 711, அங்கும் இடைவெளி விசையைத் தட்டுங்கள். கணினி வழி எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், அவசரத்துக்கென்று தனி டிடிஒய் ஒன்றைக் கம்பியில் வைத்திருப்பதே நல்லது. மின்சாரம் போகும்போது கணினியும் போகும். மின்கலம் உள்ள டிடிஒய் நிற்கும்.

கைபேசியில் கப்ளரை வைத்து முயல்பவர்களுக்குக் குப்பைதான் கிடைக்கும். குரலைச் சுருக்கும் அதே கதை இங்கே இன்னும் கடுமை. டிஜிட்டல் கைபேசிகளில் இதற்கெனத் தனி டிடிஒய் அமைப்பு உண்டு. அதற்குள் போய் அதை இயக்காமல் எந்த மோடமும் உதவாது. 2016 டிசம்பரில் அமெரிக்கத் தொடர்பு ஆணையமான எஃப்சிசி, இணைய அடிப்படையிலான கைபேசி வலையமைப்புகளில் டிடிஒய்க்குப் பதிலாக ஆர்டிடி என்ற உடனடி உரை முறையைத் தர அனுமதித்தது. அதில் எழுத்து ஒலியாக மாறுவதே இல்லை. தட்டத் தட்ட எழுத்தாகவே போகும், இருவரும் ஒரே நேரத்தில் தட்டலாம். கைபேசியின் அணுகல்தன்மை அமைப்பில் ஆர்டிடி என்று இருந்தால் அதைப் போட்டுவிட்டு, மோடத்தை வீட்டுக் கம்பிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.